96 ஆடுகளும் ஒரு எஃப்.டி. ரசீதும்

போன வருஷம் நாங்கள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில் ஒரு பையனுக்கு மேடையில் கவர் கொடுத்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய வெள்ளைக் கவர். பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்ததற்கான நினைவுப் பரிசு. எந்த வாத்தியார் பெயரில் அந்தப் பரிசு இருக்கிறதோ அவருடைய மகள்தான் கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர், இதற்காகவே ஒவ்வொரு வருஷமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். பையன் கும்பிட்டு வாங்கிக்கொண்டு இறங்கி, மேடைக்குப் பக்கவாட்டில் கூட்டாளிகளோடு நின்று கவரைப் பிரித்தான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூன்று நூறு ரூபாய்த் தாள், இரண்டு இருபது. அவன் கவரை ஒருமுறை கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான், உள்ளே வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

அவன் மேல் தப்பில்லை. வாத்தியார் வீட்டுக்காரர்கள் மேலும் தப்பில்லை. 1986-இல் அவர்கள் பள்ளியின் பெயரில் 5,000 ரூபாய் போட்டார்கள். அன்றைக்கு வங்கியில் நீண்டகால வைப்புக்கு 11 சதவீதம் வட்டி, வருஷத்துக்கு 550 ரூபாய். என் அண்ணன் 1988-இல் அந்தப் பரிசை வாங்கினான். அதில் ஒரு பேன்ட், ஒரு சட்டை, தையல் கூலி, ஒரு அகராதி எல்லாம் வாங்கி மீதியை அம்மாவிடம் கொடுத்தான் என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை சொல்லப்படும் கதை. அந்த அகராதி அட்டை கிழிந்து, பைண்டிங் செய்து, மறுபடி கிழிந்து இன்னும் அலமாரியில் இருக்கிறது. அசலில் இந்த நாற்பது வருஷத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. தலைமை ஆசிரியர்கள் பத்துப் பேராவது மாறியிருப்பார்கள், வங்கியின் பெயர்ப் பலகைகூட மாறிவிட்டது, ஆனால் ஐயாயிரம் அப்படியே ஐயாயிரமாக இருக்கிறது. அதுதான் சிக்கலே.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்றால், நானும் அதே தப்பைச் செய்துகொண்டிருக்கிறேனோ என்ற பயம்தான். நாங்கள் 94 செட். 2019-இல் வெள்ளிவிழாச் சந்திப்பு என்று கூடினோம், பிரியாணி சாப்பிட்டோம், அழுதோம், அந்த உணர்ச்சி ஆறுவதற்குள் ஒருவன் எழுந்து 'பள்ளிக்கு நிரந்தரமா ஏதாவது செய்யணும்டா' என்றான். நிரந்தரம் என்ற சொல் வந்தவுடனேயே ஒரு கணக்காளன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், நான் தீட்டிக்கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் 6,40,000 ரூபாய் சேர்ந்தது. வங்கியில் போட்டுவிடுவது, வரும் வட்டியில் கஷ்டப்படுகிற பிள்ளைகளின் படிப்புச் செலவு, வருஷத்துக்கு ஒரு கண் பரிசோதனை, தேவைப்படுகிறவர்களுக்குக் கண்ணாடி, மிச்சம் இருந்தால் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் வயதானவர்களுக்கும் அதே முகாமில் பரிசோதனை. அசலைத் தொடவே கூடாது. தீர்மானம் போட்டாயிற்று, கைதட்டியாயிற்று. நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் பொருளாளர் பதவி என் தலையில்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் நாம் அறக்கட்டளை என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சங்கதிகளுக்குப் பயன்படுத்துகிறோம். டிரஸ்ட் என்ற அமைப்புக்கும் அதுதான் பெயர், அசலை வைத்துவிட்டு வட்டியில் மட்டும் காரியம் நடத்துகிற நிதிக்கும் அதுதான் பெயர். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' நடக்குமே, அது இரண்டாவது வகை. யாரோ ஒருவர் அப்பா பெயரில் ஒரு தொகையைக் கட்டி வைத்திருப்பார், அதன் வட்டியில் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு பேச்சாளர், ஒரு பொன்னாடை, டீ, பிஸ்கட். பொன்னாடை வர வர மெலிந்துகொண்டே போவதைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஏற்கெனவே தெரியும். இந்த இரண்டாவது வகையைத்தான் நான் நிலைநிதி என்று எழுதுகிறேன்.

இதை நம் ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கொடை, கோயிலில் நொந்தா விளக்கு எரிப்பது. இரவும் பகலும் அணையாத விளக்கு. அதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகள் ஒரு மன்றாடியிடம், அதாவது இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். சந்திர சூரியர் உள்ளவரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைக்கிற பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு.

முதல்முறை படித்தபோது கவிதை என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, இது சுத்தமான கணக்கு. ஆடு சாகும், கிழடாகும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மந்தை குட்டி போடும். இடையர் 96 என்ற எண்ணிக்கையைக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மேற்கொண்டு வருவது அவர் பாடு. அசல் உயிரோடு இருக்கிறது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. இன்னொன்று, அவர் கொடுக்க வேண்டியது காசு இல்லை, நெய். நெய் விலை பத்து மடங்கு ஏறினாலும் விளக்குக்குக் கவலையில்லை, உழக்கு உழக்குதான். எங்கள் வாத்தியார் பரிசை மட்டும் இப்படி எழுதியிருந்தால், அதாவது 'வருஷத்துக்கு 550 ரூபாய்' என்று இல்லாமல் 'ஒரு பேன்ட், ஒரு சட்டை, ஒரு அகராதி' என்று எழுதியிருந்தால், அந்தப் பையன் கவரைத் தட்டிப் பார்த்திருக்க மாட்டான். யாராவது ஒரு தலைமை ஆசிரியர் 1995 வாக்கிலேயே 'வட்டி பத்தலையே' என்று கையைப் பிசைந்திருப்பார், அந்தப் பிசைதலில் ஏதாவது வழி பிறந்திருக்கும். ரூபாயாக எழுதியதால் யாருக்கும் எதுவும் பத்தாமல் போகவே இல்லை. கணக்கு ஒவ்வொரு வருஷமும் டேலி ஆனது.

பணமாகக் கொடுத்த கொடைகளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கியிருக்கிறார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டரை சதவீதம். இன்றைக்கு யாராவது பன்னிரண்டரை சதவீதம் நிச்சய வட்டி தருகிறேன் என்று வந்தால் நான் போலீசுக்குத்தான் போன் செய்வேன்.

சரி, எங்கள் 6,40,000-க்கு வருவோம். 7 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 44,800 ரூபாய். கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னதும் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கே அதுதான், இரண்டு கூடக் குறைய). அசலின் மதிப்பு தேயாமல் இருக்க வேண்டுமானால் 25,600 ரூபாயைத் திரும்ப அசலிலேயே போட வேண்டும். செலவுக்கு 19,200. விலைவாசி 6 சதவீதம் என்றால் 38,400-ஐப் போட வேண்டும், செலவுக்கு நிற்பது 6,400. ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைத் திரட்டி, பத்திரம் எழுதி, பான் கார்டு வாங்கி, ஆடிட்டர் வைத்து, வருஷத்துக்கு 6,400 ரூபாய் தர்மம் செய்கிறோம். ஆடிட்டர் ஃபீஸே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இதை நான் குரூப்பில் எழுதியபோது ஒருவன் கட்டைவிரல் போட்டான், இன்னொருவன் 'நெகட்டிவா பேசாத மச்சி' என்றான்.

பேசாமல் இருந்தேன். 2020-21 வந்தது. பெரிய வங்கிகளில் வைப்பு வட்டி ஐந்தரைக்கும் கீழே போனது, அந்த வருஷம் விலைவாசி ஏற்றம் 6 சதவீதத்துக்கு மேல். அதாவது வட்டி முழுவதையும் திரும்பப் போட்டிருந்தாலும் அசல் தேய்ந்துதான் இருக்கும். நாங்களோ முழு வட்டியையும் செலவு செய்து, அசல் பத்திரமாக இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இதில் சட்டம் வேறு இன்னொரு பக்கத்திலிருந்து இழுக்கிறது. அறக்கட்டளையாகப் பதிந்து வரிவிலக்கு வாங்கினால், அந்த வருஷத்து வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும் என்பது விதி. தானாகச் சேர்த்து வைத்துக்கொள்ள அனுமதி 15 சதவீதம். எங்கள் கணக்கில் அது 6,720 ரூபாய். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் என்ன காரியத்துக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று படிவம் போட வேண்டும், ஐந்து வருஷத்துக்குள் செலவழித்துவிடவும் வேண்டும். விதியின் நியாயம் புரிகிறது, தர்மம் என்று சொல்லிப் பணத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அளவு வருமானத்துக்கு வரி என்று பெரிதாக ஒன்றும் வந்துவிடாதுதான். ஆனால் எஃப்.டி.யை மட்டும் நம்பியிருக்கும் நிலைநிதி, விதியையும் மதித்து விலைவாசியையும் சமாளிப்பது என்பது நடக்காத காரியம். மந்தையில் பிறக்கிற குட்டிகளில் நூற்றுக்கு எண்பத்தைந்தை அந்த வருஷமே கொடுத்துவிடு என்றால் 96 எப்படி 96-ஆக இருக்கும்?

அப்போது என்னதான் வழி என்று படிக்க ஆரம்பித்தேன். உலகத்திலேயே பிரபலமான நிலைநிதிக்கும் இதே கதை நடந்திருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நோபல் 1895-இல் எழுதிய உயிலில் சொத்தைப் 'பாதுகாப்பான' பத்திரங்களில் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அரை நூற்றாண்டு காலம் கடன்பத்திரம், அடமானக் கடன் என்றே பொருள் கொண்டார்கள். விலைவாசி ஏற, வரி ஒருபக்கம் அறுக்க, பரிசின் மதிப்பு கரைந்துகொண்டே போனது. 1946-இல் வரிவிலக்கு கிடைத்தது, 1953-இல்தான் ஸ்வீடன் அரசு பங்குகளிலும் முதலீடு செய்ய அனுமதித்தது. அதற்கப்புறம்தான் நிதி நிமிர்ந்தது. அதன் பிறகும்கூட 2012-இல் பரிசுத் தொகையை ஒரு கோடி குரோனாரிலிருந்து 80 லட்சமாகக் குறைத்தார்கள், அசல் தாங்க வேண்டுமே என்று. குறைக்கத் தெரிந்த தைரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் பரிசுத் தொகையைக் குறைத்தால் பொருளாளர் எடுத்துக்கொண்டார் என்பார்கள்.

நாங்களும் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா என்று பேசினோம். அறக்கட்டளைகள் எதில் முதலீடு செய்யலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் மியூச்சுவல் ஃபண்டும் உண்டு, தனிக் கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்குவதற்குத்தான் தடை. பேச்சு மூன்று கூட்டம் ஓடியது. மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பன், எங்கள் தலைவர், 'என் காசுன்னா போடுவேன், ஊர்க் காசைப் போட மாட்டேன்' என்று சொல்லிவிட்டான். அந்தப் பேச்சில் கோழைத்தனமும் இருந்தது, நேர்மையும் இருந்தது. சந்தை இறங்குகிற வருஷத்தில் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டால் என்னிடமும் பதிலில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் கடைசி சில வருஷங்களின் சராசரி மதிப்பில் 4 அல்லது 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவு செய்து இந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டுகின்றன. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் எதற்கு, ஒரு பேராசிரியருக்கு இவ்வளவா என்று பலர் கேட்டார்களே (தமிழ்நாடு அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது), அதற்கும் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 60 லட்சத்தில் 4 சதவீதம் 2,40,000 டாலர், அதில்தான் காலாகாலத்துக்கும் சம்பளம், ஆய்வு, எல்லாம். 2018-இல் தொகை நிறைந்தது. அங்கே சராசரி கணக்குப் பார்க்க ஒரு கம்பெனியே உட்கார்ந்திருக்கிறது. இங்கே நான் ஞாயிற்றுக்கிழமை எக்ஸெல் திறக்கிறேன். கடைசியில் நாலில் ஒரு பங்கை மட்டும் ஃபண்டில் போட்டோம், அதுவும் தலைவர் கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு தடவை உதறினான்.

சிங்கப்பூரில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவன் பணத்தை நாங்கள் வாங்க முடியாமல் போனதும் இந்தச் சமயத்தில்தான். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும், எங்களைப் போன்றவர்களுக்கு அது சரிப்படாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர், ஒருவன் காசு உள்ளூர்க் காசு, இன்னொருவன் காசு அந்நியக் காசு. அவன் கோபித்துக்கொண்டு குரூப்பைவிட்டுப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தான்.

பணத்தைவிட எழுத்துதான் கஷ்டம் என்பதைப் பத்திரம் எழுத உட்கார்ந்தபோது கற்றுக்கொண்டேன். நோக்கம் என்ன என்று எழுத வேண்டும். 1890-ஆம் வருஷத்து அறக்கொடைச் சட்டம், ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி, பொதுப் பயனுள்ள வேறு எந்தக் காரியமும் என்று நாலு வரியில் முடித்துவிட்டது. வழிபாட்டுக்கு மட்டுமேயான காரியங்களை ஒதுக்கியும் விட்டது. எங்கள் ஆட்களுக்கு அந்த அகலம் பிடிக்கவில்லை. 'பொதுப் பயன்னு எழுதினா நாளைக்கு எவனாவது வளைவு கட்டிடுவான்' என்றான் ஒருவன். நியாயமான பயம், எங்கள் தெருமுனையிலேயே அப்படி ஒரு வளைவு நிற்கிறது. அதனால் இறுக்கி எழுதலாம் என்றார்கள். 'பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பெறும் ஏழை மாணவர்க்கு' என்று ஒரு வரைவு.

இறுக்கி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே தேடவே வேண்டாம். 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. எல்லாரும் தேர்ச்சி, சான்றிதழில் மதிப்பெண்ணே கிடையாது. வாத்தியார் நினைவுப் பரிசில் 'பொதுத்தேர்வில் முதல் மதிப்பெண்' என்று இருக்கிறது. தலைமை ஆசிரியர் அந்தப் பழைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கொடுக்க அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார். ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த வருஷம், பரிசுப் பணம் வங்கியில் சும்மா இருந்தது.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியார் கதையை அந்தக் கூட்டத்தில்தான் சொன்னேன். 1794-இல் இறந்தார், நாற்பது வயது. உயிலில் அவர் எழுதி வைத்தது பெரும்பாலும் கோயில் கைங்கரியங்களும் தான தர்மங்களும். அப்புறம் பங்காளிச் சண்டை, வழக்கு, வருஷக்கணக்காகப் பணம் முடங்கிக் கிடந்தது. முடங்கிய பணம் வட்டியோடு பெருகியது. உயிலில் சொன்ன தர்மங்களுக்குப் போக மிச்சம் நிறைய இருக்கிறதே, அதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியில் நீதிமன்றம் அந்த உபரியைக் கல்விக்குத் திருப்பியது. 1842-இல் பள்ளி, 1889-இல் கல்லூரி. ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே படித்தார், அண்ணா அங்கே படித்தார். இத்தனைக்கும் அந்தக் கல்லூரி ரொம்ப காலம் இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது, 1947-இல்தான் கதவு எல்லாருக்கும் திறந்தது. கொடுத்தவர் நினைத்தது ஒன்று, கோர்ட் நீட்டியது ஒன்று, காலம் நீட்டியது இன்னொன்று. இன்றும் ஒரு பொது அறக்கட்டளையின் நோக்கம் நடக்க முடியாமல் போனால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் நீதிமன்றம் போகலாம். ஆனால் 44,800 ரூபாய் வட்டிக்கு யார் கோர்ட்டுக்குப் போவது? அதனால் பத்திரத்திலேயே ஒரு வாசல் வைத்துவிட வேண்டும் என்று வாதாடினேன்.

யாருக்கு என்பதை எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குப் பிடித்த மாதிரி திருமுக்கூடல் கல்வெட்டு. காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். வீரராஜேந்திர சோழன் காலம். அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கையுள்ள மருத்துவமனை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்வி, சமூக நலம் என்று நாம் இன்றைக்கு அறிக்கையில் எழுதுகிற இரண்டும் ஒரே சுவரில். ஆனால் படித்தது வேதமும் இலக்கணமும், படுக்கை கிடைத்தது மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். ஆற்றங்கரையில் மீன் பிடித்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த 15-இல் ஒன்று கிடைத்திருக்குமா என்பதைக் கல்வெட்டு பேசவில்லை. இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்குக்கூட வாசலுக்கு வெளியே நிற்பவர் கண்ணில் படவில்லை. அதனால்தான் எங்கள் முகாமில் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களைப் பெயர் சொல்லி எழுத வைத்தேன், காலனி உட்பட. அதற்கு ஒரு கூட்டம் முழுக்க ஆனது, ஏன் ஆனது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

அந்தக் காலத்துக் கொடையாளிகள் கல்வெட்டின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள். இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல். அழிக்கிறவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார். எங்கள் ஆடிட்டரிடம் இந்த மாதிரி ஒரு ஷரத்து வைக்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். சார்பதிவாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் சார் என்றார், சிரிக்காமல்.

இதெல்லாம் முடிந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 22,000 ரூபாய் விவகாரம் வந்தது. எங்கள் பள்ளியில் பன்னிரண்டு முடித்த ஒரு பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா இல்லை, அம்மா தையல். கட்டணமும் விடுதி முன்பணமும் சேர்த்து 22,000, வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தலைமை ஆசிரியர் எனக்குப் போன் செய்கிறார். அந்த வருஷத்து வட்டியில் 3,100 ரூபாய்தான் மிச்சம். அசலில் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கிறது.

குரூப் காலில் எல்லாரும் வந்தார்கள். 'அசல் எதுக்குடா இருக்கு, பூஜை பண்ணவா?' என்றான் ஒருவன். தலைவர் மருந்துக்கடையிலிருந்து, பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கிற சத்தத்தோடு, 'ஆட்டை அடிச்சுக் குழம்பு வெச்சா நாளைக்கு நெய் எங்கேருந்து வரும், அவன்தானே இந்தக் கதையெல்லாம் சொன்னான்' என்று என்னைக் காட்டினான். என் கதையை வைத்தே என்னை அடிக்கிறார்கள். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபின் 1974-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: நிலைநிதியின் அறங்காவலர்கள் இன்றைய தேவைகளின் நெருக்குதலிலிருந்து எதிர்காலத்தைக் காக்க உட்கார்ந்திருப்பவர்கள், தங்கள் நிறுவனம் சாவே இல்லாதது என்று கருதிச் செயல்படுகிறவர்கள், என்கிற பொருளில். சாவா மூவா. படிக்கும்போது சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காக, பிறந்து, படித்து, பாஸாகி, பையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் இல்லை என்று சொல்வது எப்படி என்று டோபின் எழுதவில்லை.

நான் அசலைத் தொடக் கூடாது என்றுதான் ஓட்டுப் போட்டேன். பதிவு செய்துகொள்ளுங்கள், ஆமாம், நான்தான். போட்டுவிட்டு என் பங்காக 2,000 அனுப்பினேன். இரண்டு மணி நேரத்துக்குள் பதினோரு பேர் ஆளுக்கு 2,000. சிங்கப்பூர்க்காரன், அந்த அந்நியக் காசுக்காரன், 'நான் என் மாமா வீட்டு ஆளுங்களை அந்தப் பொண்ணு கையிலேயே கொடுக்கச் சொல்றேன், உங்க டிரஸ்ட்டே வேண்டாம்' என்று தனியாக ஒரு மடிக்கணினிக்கு ஏற்பாடு செய்தான். வெள்ளிக்கிழமை கட்டிவிட்டாள். இப்போது இரண்டாம் வருஷம். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது, அதில் பஸ் செலவு போய்விடுகிறதாம்.

அன்றைக்கு ராத்திரி எக்ஸெலைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் செய்ய முடியாததைப் பதினோரு போன் செய்துவிட்டது. அப்படியானால் எங்களுடைய உண்மையான அசல் எது? ரசீதில் இருக்கிற எண்ணா, ராத்திரி ஒன்பது மணிக்குப் போனை எடுக்கிற பதினோரு பேரா? பதினோரு பேருக்கும் ஐம்பதை நெருங்குகிறது, இரண்டு பேருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சாவா மூவா என்று யாரும் எங்களைச் சொல்ல மாட்டார்கள். சோழர் விளக்குகள்கூட ஆடு செத்ததால் அணைந்திருக்காது, நெய் கேட்க வேண்டிய சபை இல்லாமல் போனதால்தான் அணைந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் ஒன்றை மாற்றினோம். ஆளுக்கு வருஷம் ஒரு தொகை, கட்டாயமில்லை, முடிந்தவர்கள் மட்டும். பாதி அந்த வருஷமே செலவாக வேண்டும், பாதி அசலுக்கு. அசலுக்குப் போகிற பாதிக்கு, இது கார்பஸ் நிதிக்குத்தான் என்று நன்கொடையாளர் எழுத்தில் தர வேண்டும், இல்லையென்றால் அதுவும் வருமானமாகிவிடும். அதனால் ஒரு சின்னத் தாள் அடித்து வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும். எங்களுக்குப் பின்னால் வந்த 2004 செட்டையும் உள்ளே இழுத்தோம். அவர்களில் நாலு பேர் டிரஸ்டி. அதில் ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள், அவள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறாள், என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டே என் தப்புகளைச் சிவப்பில் காட்டுகிறாள்.

கடைசியாக வாத்தியாரின் 5,000. அதை எங்கள் நிதியோடு சேர்த்துவிட்டால் குறைகிற தொகையை நாங்கள் போட்டுக்கொள்வோம் என்று அவர் மகளிடம் பேசப் போனோம், நானும் தலைவரும். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். 'அப்பா பேரு இருக்குமா?' இருக்கும்மா என்றோம். 'அப்படின்னா காசு கொடுக்க வேண்டாம். கவர் கொடுக்கறப்ப எனக்கே வெட்கமா இருக்கு. அப்பா இருந்தா அகராதிதான் வாங்கிக் கொடுத்திருப்பார்.' என் அண்ணன் வாங்கியது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை, சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஆக, பரிசு இனி வருஷத்துக்கு ஒரு நல்ல அகராதி, என்ன விலை விற்றாலும் சரி, வட்டி பத்தாவிட்டால் மீதி எங்கள் பொறுப்பு என்று வரைவு எழுதினேன். உழக்கு நெய் மாதிரி. வங்கிக்காரப் பெண் படித்துவிட்டு, 'அண்ணா, இப்ப யாரு அகராதி புரட்டறா, எல்லாம் போன்லயே இருக்கே' என்றாள். சரிதான். உடனே 'அல்லது அந்தக் காலத்தில் அதற்கு ஈடான பொருள்' என்று சேர்த்து ஆடிட்டருக்கு அனுப்பினேன். அவர் 'ஈடான' என்ற சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டு, யார் முடிவு செய்வது என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.